வேணு அண்ணனின் பதினான்கு ஆட்டம்

பந்து விளையாட்டைப் பார்க்க வந்தால் வேணு அண்ணன் முதலில் தோளில் கிடக்கும் துண்டை எடுப்பார். நான்காக மடித்து மணலில் போட்டு அதன் மேல் உட்காருவார். நாற்பது வருஷத்துக்கு மேலாக இதைப் பார்த்து வருகிறேன். மணல் ஈரமாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும் இதே கதைதான். வேறு எங்கேயும் அவர் இப்படிச் செய்வதில்லை. பஞ்சாயத்துக் கூட்டத்திலும் மீன் ஏலத்திலும் கல்யாண வீட்டிலும் துண்டு தோளிலேயே கிடக்கும், வெறுந்தரையில்தான் உட்காருவார். பந்து உருளும் இடத்தில் மட்டும் துண்டு கீழே போய்விடும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது அவருடைய வலது கை தானாக இறங்கித் துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும். மேலே அவரே உட்கார்ந்திருப்பதால் அது வராது.

அவருக்கு மூலம் இருக்கும் என்று இப்போது ஆடுகிற பையன்களில் ஒருத்தன் சொல்லிச் சிரித்தான். அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இப்போது கொஞ்சம் பேர்தான்.

தெரிந்தவர்களில் மாணிக்கம் ஒருவர். லைட்ஹவுஸ் குப்பத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் எங்கள் குப்பத்து அணியில் பின்வரிசையில் நின்றவர். போன மாசம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒரு வெளியூர்க்காரர் அவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய்ப் பந்தில் வந்து நின்றது. பந்து என்றால் மாணிக்கம் வேணு அண்ணனிடம்தான் போவார்.

"மொத்தம் எத்தனை மேட்ச் ஆடியிருப்பாருங்க? ஒரு இருநூறு இருக்குமா?" என்று அந்த ஆள் கேட்டார்.

"பதினாலு."

"பதினாலு வருஷமா?"

"பதினாலு மேட்ச்சுபா."

அந்த ஆள் சிரித்துவிட்டார். மாணிக்கம் சிரிக்கவில்லை. "டீ ஆறுது, குடி. பதினாலையும் சொல்றன், கேட்டுக்கினு அப்பறம் சிரி" என்றார். சொன்னார். எந்த ஆட்டத்தில் என்ன காற்று, எந்த ஊர்க்காரன் எந்தப் பக்கம் விழுந்தான், எல்லாம் சொன்னார். அந்த ஆளின் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போனது.

அன்றைக்கு மாணிக்கம் பதினான்கோடு நிறுத்தினார். சில நாள் பதினைந்து என்பார். அந்தப் பதினைந்தாவது பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

அதற்கு முன்னால் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பழவேற்காடு ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம், வலை போடுகிற கைகள் அதிகம். அதனால் பெயர்களைக் குலுக்கிப் போட்டு வரிசை கட்டிவிடுவார்கள். இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு, நாளைக்கு அவனுக்கு. அந்த முறைதான் பாடு. கெட்டிக்காரன், சோம்பேறி என்ற பேச்சுக்கே இடமில்லை. பாடு வந்தவன் இறங்குவான், வராதவன் கரையில் இருப்பான். வீட்டில் சாவு விழுந்து தீட்டானாலோ எழுந்திருக்க முடியாத காய்ச்சல் வந்தாலோ மட்டும் பாடு அடுத்த பெயருக்குப் போகும். அடுத்தவன் பாட்டில் ஒருத்தன் வலை போட்டுவிட்டால் அந்த வலையைக் கொண்டுவந்து பாடு வந்தவன் காலடியில் போட வேண்டும். பிடித்த மீனும் அவனுக்குத்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் எங்கள் குப்பத்துக்குப் பந்து வந்தது. ஆட ஆசைப்பட்டவர்கள் இருபத்தைந்து பேர். ஒரு பக்கம் பதினோரு பேர்தான் இறங்கலாம் என்பதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மாதத்திலேயே துடுப்பால் அடித்துக்கொண்டு இரண்டு மண்டை உடைந்தது. பஞ்சாயத்தில் அப்போது அங்கமுத்து பெரியவர். அவர் பந்து ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. "இதுல இன்னாடா இருக்குது பேஜாரு? ஏரில எப்பிடியோ பந்துலயும் அப்பிடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இருபத்தைந்து பெயரும் பானைக்குள் போனது. வந்த வரிசையைப் படகுக்குப் பூசும் தாரால் வலைக்கொட்டகைக் கதவில் எழுதினார்கள். முதல் ஆட்டத்துக்கு முதல் பதினோரு பேர். அடுத்த ஆட்டத்துக்கு அடுத்த பதினோரு பேர். கடைசிப் பெயர் வந்ததும் மறுபடி மேலே போக வேண்டும். பொன்னேரியிலும் எண்ணூரிலும் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எங்களுக்கு அதில் சிரிப்பதற்கு எதுவும் தெரியவில்லை.

அந்த வரிசையில் வேணு என்ற பெயருக்கு நேர் மேலே இருந்த பெயர் தருமன். தருமன் என் தம்பி.

வேணு அண்ணன் பதினாலு வயதில் ஏரியில் நடந்தபோது வலது குதிகாலில் திருக்கை முள் ஏறியது. நாலு மாதம் படுக்கையில் கிடந்தார். காயம் ஆறிய பிறகும் அந்தக் கால் சரியாக மடங்கவில்லை. மாணிக்கம் சொல்வதுபோல, ரைட்டு காலு அவருக்குக் கழி மாதிரி, ஊனிக்கினு நிக்கறதுக்கு மட்டும்தான். ஆடியதெல்லாம் இடது காலால்.

கோல் கம்பங்களுக்குக் கட்டிய வலை எங்கள் பழைய மீன் வலைதான். நைந்த நூல் என்பதால் பந்து பட்டால் பிரியும். பிரிந்ததை அங்கேயே முடிய ஆள் வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எனக்கு வலை ஊசிதான் வேலை. அதனால் எல்லா ஆட்டத்திலும் நான் எதிரணிக் கம்பத்துக்குப் பின்னால், வலையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் வேணு அண்ணனின் முதுகைப் பார்த்தார்கள். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

பக்கத்து ஊரான தோணிரேவுக்காரர்களோடு ஆடிய ஆட்டம் ஒன்று போதும், அவர் யார் என்று சொல்ல. கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே மணல்வெளியில் நடந்தது. கார்னரில் பந்தை வைத்துவிட்டு வேணு அண்ணன் சும்மா நின்றார். ரெஃப்ரீ ஊதினார். அவர் நகரவில்லை. மறுபடியும் ஊதினார். "இன்னாய்யா, சாமிக்கு வேண்டிக்கினியா?" என்று தோணிரேவுக்காரன் ஒருத்தன் கத்தினான். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கோலை இல்லை. காயப் போட்டிருந்த வலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று விழுந்திருந்தது, வலைகள் அசையாமல் தொங்கின. பிறகு ஒரு வலையின் ஓரம் லேசாகத் தூக்கியது. அடித்தார்.

பந்து எல்லோர் தலைக்கும் மேலே, கோட்டுக்கு வெளியே, ஏரிப் பக்கமாகப் போனது. அடி தப்பிவிட்டது என்று எங்கள் ஆட்களே திரும்பி நடந்தார்கள். கடல் காற்று அதைப் பிடித்தது. பந்து நின்று யோசித்ததுபோல இருந்தது. பிறகு வளைந்து இறங்கி, கம்பத்துக்கும் கீப்பரின் காதுக்கும் நடுவே உள்ளே வந்தது. என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் வலை புடைத்தது. அந்த கீப்பர் கையைக்கூடத் தூக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "எக்கா, இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டான்.  பந்தை எடுத்துக் கொடுத்தேன். 

அவர் ஆடிய நாளெல்லாம் அநேகமாகத் தருமனும் ஆடினான். அடுத்தடுத்த பெயர்கள் என்பதால் இறங்கினால் இரண்டு பேரும் இறங்குவார்கள், உட்கார்ந்தால் இரண்டு பேரும் உட்காருவார்கள். தருமன் நன்றாக ஓடுவான். ஆனால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. வேணு அண்ணன் இருக்கும்போது வேறு யாரிடம் பந்தைத் தள்ளுவார்கள்? "மூணு மேட்ச்சா ஒருவாட்டி கூட பந்து என் கால்ல படலக்கா. சொம்மா ஓடிக்கினு கீறேன், நாய் கணக்கா" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். 

எழுபத்தெட்டாம் வருஷம் பழவேற்காட்டில் ஒரு கோப்பைப் போட்டி வைத்தார்கள். டச்சுக்காரன் கோட்டை இருந்த மேட்டை ஒட்டிய திடலில் ஆட்டம். மேட்டில் இப்போதுபோலவே அப்போதும் முள்மரமும் உடைந்த செங்கல்லும்தான். முதல் சுற்றில் வேணு அண்ணன் ஆடி நான்கு கோல் போட்டார். அரையிறுதியில் அவருக்கும் தருமனுக்கும் பாடு இல்லை. இருந்தவர்கள் எப்படியோ ஒரு கோலில் ஜெயித்துவிட்டார்கள். இறுதி ஆட்டம் எண்ணூர் அணியோடு.

அப்போதுதான் செய்தி வந்தது. மெட்ராஸில் ஒரு கம்பெனி அணிக்கு ஆள் பொறுக்குகிறவர் இறுதி ஆட்டத்துக்கு வருகிறார். இடது கால்காரனைப் பார்த்துப் பிடித்தால் கையோடு கூட்டிப்போவார். கம்பெனியில் வேலை, தங்க வீடு. வேணு அண்ணனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். சொந்தமாகக் கட்டுமரம்கூட இல்லை, பெரிய வலைக்காரர் ஒருவரிடம் ஆளாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் மனைவி தேவகி, தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்ததை நானே பார்த்தேன்.

யாரோ கொட்டகைக் கதவைப் போய்ப் பார்த்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு வரிசை எண்ணினால் பதினோராவது பெயர் தருமன். வரிசை அங்கே அறுந்தது. பன்னிரண்டாவது பெயர் வேணு.

அங்கமுத்து பெரியவர் நாலு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாயங்காலம், அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா பச்சையம்மாவின் வாய்க்கு ஊரே பயப்படும்.

"தருமா, உனக்கு ஒடம்பு காயுதுன்னு கேள்விப்பட்டன்" என்றார் பெரியவர், வாசலில் நின்றபடியே.

"எனக்கா? இல்லியே."

"காயலன்னா இன்னாடா, காயும். நாளைக்கு ஒரு நாளு படுத்துக்க."

"அட, காய்ச்சல் எதுக்கு?" என்றாள் அம்மா. "அரிவாமனை தோ கீது. என்னயே ஒரு வெட்டு வெட்டிட்டுத் தீட்டுன்னு சொல்லிடுங்களேன். ஜோரா இருக்கும்."

கூட வந்தவர்களில் ஒருத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவருக்கு வரவில்லை. பாடு முறையைக் கொண்டுவந்த நாமே அதைத் தாண்டச் சொல்லி நிற்கிறோமே என்று அவருக்கு முகம் கறுத்திருந்தது. "அந்தப் பையன் பொழப்புடா. நீயே யோசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தருமன் சாப்பிடவில்லை. முதல் தடவையாக வேணு அண்ணன் இல்லாத களத்தில் அவன் இறங்கப் போகிறான். பந்து அவனிடமும் வரும். அதற்காக எவ்வளவு நாள் காத்திருந்தான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் தேவகி துடைத்து வைத்த பெட்டியையும் நான் பார்த்திருந்தேன். அவனுக்கு எதைச் சொல்வது? 

விடிந்ததும் அவனாகவே வேணு அண்ணனிடம் போனான். காயப் போட வேண்டிய மீன் கூடையோடு நானும் பின்னால் போனேன். வேணு அண்ணன் கரையில் உட்கார்ந்து கட்டுமரக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேணுண்ணே, இன்னிக்கு நீ எறங்கு" என்றான் தருமன்.

"உனக்கு ஜொரமா?"

"இல்ல."

"ஊட்ல தீட்டா?"

"இல்லண்ணே."

"அப்பறம் இன்னாத்துக்கு என்னாண்ட வந்த? உன் பாடு. நீ எறங்கு."

"கம்பெனிக்காரன் வர்றான்ணே. உன்னப் பாக்கத்தான் வர்றான்."

"வரட்டும். ஊர் பாக்கணும்னா பாத்துட்டுப் போறான்." கயிற்றை இழுத்துப் பல்லால் கடித்து முடிச்சைப் போட்டார். "இன்னிக்கு உன்னுத நான் எடுத்தன்னா, நாளைக்கு ஏரில என்னுத எவனாச்சும் எடுப்பான். அப்ப நான் யாராண்ட போய் கேக்கறது? போடா, போய்க் கஞ்சி குடி. வெறும் வயித்துல ஓடாத."

குரலில் கோபமும் இல்லை, பெருந்தன்மை காட்டுவதும் இல்லை. அன்றைக்கு என்ன காற்று என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் மீன் கூடையைத் தலையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். குடிசை வாசலில் தேவகியும் கேட்டுக்கொண்டு நின்றாள். பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள்.

படகில் ஏரியைக் கடந்து எல்லோரும் பழவேற்காடு போனோம். திடலைச் சுற்றி நிற்க இடமில்லை. கம்பெனிக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நின்ற அங்கமுத்து பெரியவரிடம், "எங்க அந்த லெஃப்ட் கால் பையன்?" என்று கேட்டார்.

"தோ, அங்க நிக்கறான்."

"ஏன், கால்ல அடியா?"

"அதெல்லாம் இல்ல. அவனுக்கு இன்னிக்குப் பாடு இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார். பெரியவர் விளக்கினார். ஏரி, வலை, பானை, தார் எழுத்து, எல்லாம் விளக்கினார். கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டபோது நாற்காலி காலியாக இருந்தது. பொன்னேரி பஸ் திடலை ஒட்டித்தான் போகும். ஜன்னலோரம் அந்தக் கறுப்புக் கண்ணாடி போவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வேணு அண்ணனும் பார்த்தார். பஸ் கிளப்பிய தூசி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பித் திடலைப் பார்த்தார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. தருமன் முன்வரிசையில். பந்து அவனிடம் வந்தது, வந்த வேகத்தில் போனது. பந்து எங்கே இருக்கிறதோ அங்கே ஓடுவான். போய்ச் சேர்வதற்குள் பந்து வேறு எங்கேயோ இருக்கும். "தருமா, பந்து என்னா உன் மச்சானா, பின்னாலயே சுத்தற?" என்று கோட்டோரத்திலிருந்து கத்தினார்கள். அவன் முகம் எனக்குத் தெரிந்தது. அழுகிற முகம்.

இடைவேளைக்குப் பிறகு எப்போது என்று தெரியாது, வேணு அண்ணன் கோட்டை மேட்டின் மேல் ஏறியிருந்தார். முள்ளுக்கு நடுவே செங்கல் குவியலின் மேல், அந்த மடங்காத வலது காலை ஊன்றி நின்றார். கையில் துண்டு.

பெரிய வலை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கடலில் படகில் இருப்பவனுக்கு மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கரையில் மணல்மேட்டில் ஒருத்தர் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் துண்டை வீசுவார். இடது கைப் பக்கம் வீசினால் இடது பக்கம் துடுப்பு வலி. கீழே தணித்தால் நில். தலைக்கு மேல் சுழற்றினால் போடு வலையை. படகில் இருப்பவன் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, மேட்டைத்தான் பார்க்க வேண்டும். வேணு அண்ணன் அந்தத் துண்டுக்காரர். ஐந்து வருஷமாக அவர் துண்டுக்குப் படகு வலித்தவன் தருமன்.

தருமன் எதற்கோ மேட்டுப் பக்கம் பார்த்தான். துண்டு இடது பக்கம் போனது. அவன் பந்தை விட்டுவிட்டு இடது பக்கம் ஓடினான். அங்கே யாரும் இல்லை. "டேய், எங்கடா போற? அங்க இன்னா உன் மாமியார் வூடா?" என்றார்கள். துண்டு தணிந்தது. நின்றான். வெறும் இடத்தில் தனியாக நின்றான். எண்ணூர்க்காரர்கள் அவனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பந்து யார் காலிலோ பட்டுத் தெறித்து, உருண்டு, அவன் நின்ற இடத்துக்கே வந்தது.

அவன் அதிர்ந்துபோய் அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கூட்டம் மூச்சை இழுத்தது.

பிறகு துண்டு நிற்கவே இல்லை. வலது பக்கம், நில். பின்னால், நில். ஒவ்வொரு முறையும் தருமன் ஆளில்லாத இடத்துக்குப் போய் நிற்பான். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரத்தில் பந்து அங்கே வரும்.  மேட்டின் மேலிருந்து அவர் இருபத்திரண்டு பேரையும் தண்ணீரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணூர்க்காரர்களுக்கு விஷயம் புரிந்து ரெஃப்ரீயிடம் முறையிட்டார்கள். துண்டு வீசக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று ரெஃப்ரீ கேட்டார். அவரும் கரையோரத்து ஆள்தான்.

முடியப்போகிற நேரம். தருமன் கோலுக்கு நேராக, என்னிடமிருந்து பத்துப் பதினைந்து அடியில் வந்து நின்றான். மாணிக்கம் பின்னாலிருந்து கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து உயரமாக வந்துகொண்டிருந்தது. தருமன் பந்தைப் பார்க்கவில்லை. கீப்பரையும் பார்க்கவில்லை. தலையை உயர்த்தி மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேட்டில் துண்டு தலைக்கு மேல் சுழன்றது. அவன் காலை வீசினான். கால் வீசிய இடத்துக்குப் பந்து வந்தது.

வலை கிழிந்து பந்து என் மடியில் விழுந்தது.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. நேராக மேட்டுக்கு ஓடியது. முள்ளைப் பார்க்காமல் ஏறி, வேணு அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியது. "வேணு கோலு! வேணு கோலு!" என்று திடலே அதிர்ந்தது. வெளியூர்க்காரர்கள்கூடக் கத்தினார்கள். எண்ணூர் கீப்பர் கையெடுத்துக் கும்பிட்டான்.

தருமன் தனியாக நின்றான். பிறகு என் பக்கம் வந்து, வலையைக் கம்பத்திலிருந்து அவிழ்க்க உட்கார்ந்தான்.

"அக்கா, நான்தான அடிச்சேன்?"

"நீதான்டா. நான் பாத்தனே."

"நீ பாத்தா போதுமா" என்றான். முடிச்சு அவனுக்கு அவிழவில்லை.

தோள்களின் மேலிருந்து வேணு அண்ணன் எங்களைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இறக்கச் சொன்னார், இறக்கவில்லை. குதித்துவிட்டார். அந்த மோசமான காலோடு குதித்து, நொண்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். கூட்டமும் பின்னால் வந்தது. வந்தவர் குனிந்து துண்டைத் தருமனின் காலடியில் போட்டார்.

"இன்னாண்ணே இது?"

"உன் பாட்டுல வலைய போட்டுட்டன்டா. கால எறக்கக் கூடாதுன்னு உஷாராத்தான் இருந்தன். கை சொம்மா இல்ல. எடுத்துக்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அங்கமுத்து பெரியவர் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். காலையில் ஒரு வாழ்க்கையையே வேண்டாம் என்று சொன்னவர், சாயங்காலம் ஒரு துண்டு வீசியதற்கு ஊர் முன்னால் குனிந்து நின்றார். நான் பார்த்ததிலேயே பெரியது அதுதான். தோணிரேவு கார்னர்கூட அதற்கு அடுத்தபடிதான்.

தருமன் துண்டை எடுத்தான். முகர்ந்து பார்த்தான். "யப்பா, கவுச்சி. எனக்கு வாணாம், நீயே வெச்சிக்க" என்று நீட்டினான். கண்ணில் தண்ணீர் இருந்தது, வாயில் சிரிப்பு இருந்தது. வேணு அண்ணன் வாங்கிக்கொண்டார், தோளில் போடவில்லை. ஏரியைக் கடக்கும்வரை கையிலேயே சுருட்டி வைத்திருந்தார். அதற்குப் பிறகு தனக்குப் பாடு இல்லாத எந்த ஆட்டத்திலும் துண்டை மடித்து மணலில் போட்டு அதன் மேல் உட்காரத் தொடங்கினார். தோற்கும் ஆட்டங்களில் எங்கள் ஆட்கள் கெஞ்சுவார்கள். "அண்ணே, ஒரே ஒருவாட்டி வீசுண்ணே!" அவர் அசைந்ததில்லை. அதனால் நாங்கள் நிறைய ஆட்டம் தோற்றோம்.

எங்கள் பந்துக் கழகம் ஏழு வருஷம் நடந்தது. முப்பத்திரண்டு ஆட்டம். வரிசைப்படி அவருக்கு வந்தது பதினான்கு. கம்பெனிக்காரர் திரும்பி வரவில்லை. வேணு அண்ணன் கடலுக்குப் போனார், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். பின்னால் சொந்தமாக வாங்கிய கட்டுமரம் சுனாமியில் போனது, பிறகு ஃபைபர் படகில் பங்குக்குப் போனார். தேவகியின் தகரப் பெட்டியில் இப்போது ரேஷன் அரிசி இருக்கிறது. "மெட்ராஸ் போயிருந்தா இந்நேரம் ரிட்டயர்டு ஆயி சொம்மாதான குந்திக்கினு இருப்பாரு. இங்கயும் அதான்" என்று அவள் சொல்வாள். சொல்லும்போது அவரைப் பார்க்க மாட்டாள்.

தார் எழுத்திருந்த கதவு எண்பத்து நாலு புயலில் போய்விட்டது. பத்து வருஷத்துக்கு முன் இளைஞர்கள் கழகத்தை மறுபடி தொடங்கினார்கள். இப்போது பாடு கிடையாது, நன்றாக ஆடுகிறவன் ஆடுகிறான். போன தை மாதம் புதுக் கொட்டகைச் சுவரில் பழைய ஆட்டங்களை எழுத ஆசைப்பட்டார்கள். எழுபத்தெட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் பெயிண்டர் நின்றுவிட்டார். ஏனென்றால் அந்த கோலை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மாணிக்கம் கடை பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"தருமன் அடிச்சான்" என்றார் வேணு அண்ணன்.

"கால்தாம்பா என்னுது. கோலு அவருது" என்றான் தருமன். துண்டு காலடியில் விழுந்த நாளிலிருந்து அவன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"கெழவா, நீ வாங்கிக்கயேன்டா. எனக்கு வேற கோலே இல்லியா?"

"எனக்குக் கவுச்சி ஆவாது."

எழுதப் போனவர்கள் கடைசியில் என்னிடம் வந்தார்கள், கம்பத்துக்குப் பின்னால் இருந்தவள் நான்தானே என்று. பத்துப் பேர் முன்னால் பேச எனக்கு வராது. கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, "தருமன்" என்றேன்.

சுவரில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. 1978 இறுதி ஆட்டம், கோல், தருமன். அதற்குக் கீழே வேணு, பதினான்கு ஆட்டம், முப்பத்தொரு கோல். வேணு அண்ணனுக்கு எழுபது வயது. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தருமனோடு ஆட்டம் பார்க்க வருகிறார், துண்டை மடித்து மணலில் போட்டு அதன் மேல் உட்காருகிறார்.